சாட்சி சொல்லும் வாயும் பில் எழுதும் கையும்

கேள்வி: எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சபையில் பல வருடங்களாக ஞாயிறு பள்ளி ஆசிரியர். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணம். மூன்று வருடங்களாகப் பயணக் கணக்கில் கூட்டி எழுதிவருகிறேன். பஸ்ஸில் போய்விட்டு டாக்சி பில் வைப்பேன். உறவினர் வீட்டில் தங்கிவிட்டு லாட்ஜ் பில் வாங்கி வைப்பேன். எங்கள் பிரிவில் எல்லாரும் செய்வதுதான். சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையன், "அண்ணா, நீங்க பொய்யே சொன்னதில்லையா?" என்று கேட்டான். யோசிக்காமல் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார முடியவில்லை. அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்தில் 'உண்மை' என்ற தலைப்பில் நான்தான் பேச வேண்டும். ஏதாவது காரணம் சொல்லி ஊழியத்திலிருந்து விலகிவிடலாமா? தேவனிடம் மன்னிப்புக் கேட்டால் போதாதா? சபைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டுமா? மனைவிக்கு எதுவும் தெரியாது. வேலை போய்விட்டால் குடும்பம் என்ன ஆகும்?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பயணக் கணக்கில் கூட்டி எழுதியது திருட்டு, அதற்கு வைத்த பில் பொய். அந்தப் பையனிடம் சொன்ன "இல்லை"தான் மாய்மாலம், அதாவது வெளிவேஷம். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். சேர்த்துப் பார்த்ததால்தான் ஊழியத்தை விட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

விசுவாசிக்கும் அவன் விசுவாசிப்பதற்கும் இடையில் தூரம் இருப்பது மாய்மாலம் ஆகாது. ரோமர் 7-ல் பவுல், விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று எழுதுகிறார். அவரை யாரும் மாயக்காரர் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அந்தத் தூரத்தை அவரே எழுத்தில் வைத்துவிட்டார். மத்தேயு 6-ல் இயேசு எடுத்துக்கொள்வது தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றை. மூன்றுமே நல்ல செயல்கள். அவர் கண்டிப்பது யார் பார்ப்பதற்காக அவை செய்யப்படுகின்றன என்பதை. மத்தேயு 23:23-ல் வரும் பரிசேயர் ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வரைக்கும் கணக்குப் பார்த்துத் தசமபாகம் கொடுத்தவர்கள். அதையும் விடாமலிருக்க வேண்டும் என்றுதான் இயேசு சொல்கிறார். நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டு, இந்தச் சின்னக் கணக்கைக் காட்டி நல்ல பெயர் வாங்கியதில்தான் பிசகு.

ஆகவே உங்களைச் சோதிக்க நல்ல கேள்வி, "நான் எவ்வளவு கெட்டவன்?" என்பது அல்ல. "எது தெரியாமல் இருப்பதற்காக நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன்?" என்று கேளுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த வேலை ஏராளம்: லாட்ஜ் பில்லுக்கு அலைவது, மனைவியிடம் கூடுதல் பணத்துக்குக் கணக்குச் சொல்வது, வகுப்பில் நேர்மை பற்றிய பாடம் வந்தால் வேகமாகத் தாண்டுவது. இப்போது இந்தப் பட்டியலில் "காரணம் சொல்லி விலகுவது" என்று இன்னொன்றைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள். "நேரமில்லை", "குடும்பச் சூழ்நிலை" என்று சொல்லிவிட்டு விலகினால், பழைய பொய்யைக் காக்க ஒரு புதிய பொய் போய் நிற்கும்.

தேவனிடம் மன்னிப்புக் கேட்டால் போதாதா என்ற கேள்விக்கு வேதம் நேராகவே பதில் சொல்கிறது. லேவியராகமம் 6:1-7, எண்ணாகமம் 5:6-8 இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். பிறன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். குற்றநிவாரண பலியும் கொண்டுவர வேண்டும். பலி கொடுத்ததால் முதல் தள்ளுபடி ஆவதில்லை, முதலைக் கொடுத்ததால் பலி தேவையில்லாமல் போவதுமில்லை. மத்தேயு 5:23-24-லும் இதே முறைதான். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. நீங்கள் ஜெபிக்க உட்கார முடியவில்லை என்று எழுதியிருப்பதை இந்த வசனத்தோடு வைத்துப் பார்த்தால், அது கைவிடப்பட்டதன் அடையாளமாக எனக்குத் தெரியவில்லை. எழுந்து போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த கணக்கை உண்மையாக எழுதுங்கள். அறிக்கை, திருப்பிக் கொடுத்தல் எல்லாம் அதற்குப் பிறகு. "எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்துவிட்டு நிறுத்துகிறேன்" என்று காத்திருப்பவர்கள் இன்னும் நான்கு பொய்க் கணக்கு எழுதியிருப்பார்கள். எபேசியர் 4:28-ன் முதல் சொல்லே திருடுகிறவன் இனித் திருடாதிருக்க வேண்டும் என்பதுதான். தொகை திடீரென்று குறைந்தால் கேள்வி வரும். "இதுதான் செலவான தொகை" என்று சொன்னால் போதும்.

அடுத்து பட்டியல். பழைய கிளெய்ம் நகல்களை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, எழுதிய தொகை, உண்மைச் செலவு. உண்மைச் செலவு நினைவில்லாத இடத்தில் சந்தேகத்தின் பலனை நிறுவனத்துக்குக் கொடுங்கள். பஸ்ஸா ரயிலா என்று தெரியவில்லையா, கட்டணம் குறைவான பஸ்ஸையே எழுதுங்கள். நகலே இல்லாத மாதங்களுக்கு, நகல் உள்ள மாதங்களில் அதிக வித்தியாசம் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். இந்த வேலையை ஒரே உட்காரலில் முடிக்கப் பாருங்கள். நாள் கணக்கில் இழுத்தால் மனசு பேரம் பேச ஆரம்பித்துவிடும்: இந்தப் பயணத்தில் இரவு பத்து மணி வரை உழைத்தேனே, அந்த மாதம் பயணப்படி தாமதமாக வந்ததே என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு நியாயம் முளைக்கும். முளைத்தால் முளைக்கட்டும், தொகையில் கை வைக்காதீர்கள்.

ஐந்தில் ஒரு பங்கு என்றால், கூட்டி எழுதியது 100 என்றால் திருப்பிக் கொடுப்பது 120. இது இன்று நமக்குச் சட்டமா என்று வாதாடலாம். என் கருத்தில், அதை வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வருடம் அந்தப் பணம் உங்களிடம் இருந்தது, உரியவரிடம் இல்லை. யாத்திராகமம் 22-ல் திருடிய மிருகம் உயிரோடு கையில் பிடிபட்டால் இரட்டிப்பு, அறுத்தோ விற்றோ இருந்தால் மாட்டுக்கு ஐந்து, ஆட்டுக்கு நாலு என்று வருகிறது. அதோடு ஒப்பிட்டால், தானாக வந்து அறிக்கையிடுகிறவனுக்கு நியாயப்பிரமாணம் வைத்த சுமை இலகுவானது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதும் (லூக்கா 19:8) யாரும் அவனைக் கேட்டு அல்ல. நிறுவனத்தின் கணக்குப் பிரிவு முதலை மட்டும்தான் வாங்க முடியும் என்று சொன்னால், அந்த ஐந்தில் ஒன்றை உங்கள் பெயர் தெரியாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் முதலையே சபைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிறுவனத்திடம் வாய் திறக்காமல் இருப்பது சரியல்ல. பலர் இதைத்தான் செய்கிறார்கள். எண்ணாகமம் 5:8-ல் பணம் கர்த்தருக்கு என்று ஆசாரியனிடம் போவது, வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாதபோது மட்டும். உங்களுக்கு வாங்க ஆள் இருக்கிறது.

யாரிடம் முதலில் சொல்வது என்பதில்தான் பெரும்பாலும் குளறுபடி ஆகிறது. இந்த வரிசையில் போகலாம்.

முதலில் மனைவி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். நடந்துபோகவில்லை, செய்திருக்கிறீர்கள். அவர் கோபப்பட்டால், "நான் மனந்திரும்பிவிட்டேனே" என்று அந்தக் கோபத்தை அடக்கப் பார்க்காதீர்கள். உங்களுக்கு மூன்று வருடம் தெரிந்த செய்தி அவருக்கு மூன்று நிமிடத்தில் வந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் பணம் வீட்டிலிருந்துதான் போகப்போகிறது, அதனால் தவணை எவ்வளவு என்பதை அவரும் சேர்ந்தே தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது போதகர். வாலிபர் கூட்டத்தில் பேசுவதா, வகுப்பைத் தொடர்வதா என்ற முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். 'நானே விலகிக்கொள்கிறேன்' என்பதில் ஒரு தாழ்மை தெரிந்தாலும், தீர்ப்பு உங்கள் கையிலேயே இருந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், நிறுவனத்தோடு காரியம் முடிந்து தவணை ஓட ஆரம்பிக்கும்வரை கற்பிப்பதை நிறுத்திவைக்கலாம், 'உண்மை' பற்றிய பேச்சை வேறொருவர் எடுக்கலாம். ஆனால் உங்கள் போதகர் வேறுவிதமாகச் சொன்னால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். போதகரே, "இதெல்லாம் பெரிதுபடுத்தாதீங்க, ஜெபிச்சா போதும்" என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னாலும் பணம் பணம்தான். திருப்பிக் கொடுப்பதிலிருந்து உங்களை விடுவிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

மூன்றாவது, வேலைச் சட்டம் தெரிந்த ஒருவர். பொய் பில் வைப்பது சட்டப்படியும் குற்றமாகலாம். என்னென்ன விளைவு வரும் என்று தெரிந்துகொண்டு போவது கோழைத்தனம் இல்லை; செலவைக் கணக்கிட்டுப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்குகிறவனைப் பற்றி லூக்கா 14:28-ல் இயேசுவே பேசுகிறார். அந்த ஆலோசகர், நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் கடிதத்தின் வாசகத்தைத் திருத்தித் தரலாம். உண்மையை மறைக்கும்படி திருத்தினால் மட்டும் ஏற்காதீர்கள். இந்த ஆலோசனைக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே தள்ளிப்போட நல்ல சாக்காகிவிடும்.

அதன் பிறகு நிறுவனம். பொறுப்பிலுள்ளவரிடம் நேரில் சொல்லி, கையோடு கடிதமும் கொடுங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, கடந்த மூன்று வருடங்களில் நான் சமர்ப்பித்த பயணக் கணக்குகளில் உண்மையான செலவைவிடக் கூடுதலாக எழுதிப் பணம் பெற்றிருக்கிறேன். தேதிவாரியான பட்டியலை இணைத்துள்ளேன். ஆதாரம் இல்லாத இடங்களில் மதிப்பீடு என்று குறித்துள்ளேன். இந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்த விரும்புகிறேன். பாதியை உடனே செலுத்தவும் மீதியை மாதத் தவணையாகச் செலுத்தவும் என்னால் முடியும். தவறு என்னுடையது. நிறுவனம் எடுக்கும் முடிவை ஏற்றுக்கொள்கிறேன்."

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பது இல்லை. சம்பளம் போதவில்லை என்பது இல்லை. மேலாளருக்கும் தெரியும் என்பதும் இல்லை. 1 சாமுவேல் 15-ல் சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொல்கிறான், அதுவும் இரண்டு முறை. முதல் முறை ஜனங்களுக்குப் பயந்ததால் என்று காரணம் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் முறை மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்ற கோரிக்கை ஒட்டிக்கொள்கிறது. 2 சாமுவேல் 12:13-ல் தாவீது, கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறான். செய்த குற்றத்தின் அளவை வைத்துப் பார்த்தால் தாவீதினுடையது மிகக் கொடியது. ஆனாலும் அறிக்கையில் ஒட்டு எதுவும் இல்லை. கடிதத்தை எழுதி முடித்ததும் "ஏனென்றால்", "ஆனாலும்" என்று தொடங்கும் வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்து அடித்துவிடுங்கள்.

சக ஊழியர்கள் பெயரை நீங்களாக இழுக்க வேண்டாம். உங்கள் பாவத்தைத்தான் நீங்கள் அறிக்கையிட முடியும். "வேறு யார் யார் செய்கிறார்கள்?" என்று நேராகக் கேட்டால் தெரியாது என்று பொய் சொல்லாதீர்கள். "என் கணக்கைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், மற்றவர்களைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள்" என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். உங்கள் பில்லை நம்பிப் பணம் கொடுத்த கணக்காளருக்கு இதில் பங்கு இல்லையென்றால், அதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். உங்களால் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தவணை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உணர்ச்சிவசப்பட்டு முடியாத தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாம் மாதம் தவறினால், மனந்திரும்புதலே ஒரு பொய் வாக்குறுதி ஆகிவிடும். சங்கீதம் 15:4 ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவனைப் பற்றிச் சொல்கிறது. நஷ்டம் வந்தாலும் நிறைவேற்றக்கூடிய அளவுக்கே வாய் கொடுங்கள்.

சபைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டுமா? வேண்டாம். எந்த வட்டத்தில் தவறு நடந்ததோ அந்த வட்டத்தில் அறிக்கை போதும். அந்தியோகியாவில் பேதுரு விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது, பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபட்டான். அது எல்லாரும் பார்க்க நடந்தது, ஆகவே பவுலும் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார் (கலாத்தியர் 2:11-14). உங்கள் கணக்கு நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நடந்தது. சாட்சி நேரத்தில் மைக் பிடித்து இதைச் சொன்னால் கண்ணீர் வரும், "எவ்வளவு தாழ்மை!" என்பார்கள், சிலர் வந்து கட்டிப்பிடிப்பார்கள். நிறுவனத்துக்கு ஒரு காசு வந்து சேர்ந்திருக்காது. தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று மத்தேயு 6-ல் சொல்லப்பட்டது பாவ அறிக்கைக்கும் பொருந்தும்.

அந்த "இல்லை" வகுப்பில் சொன்னது. அதனால் வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும், அந்தப் பையன் இருக்கிற நாளாகப் பார்த்து. முன்கூட்டியே போதகரிடம் சொல்லிவிட்டு, வகுப்பின் தொடக்கத்தில், இவ்வளவு மட்டும்: "பொய்யே சொன்னதில்லையா என்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய். நான் பொய் சொல்லியிருக்கிறேன், பெரிய பொய்யும் சொல்லியிருக்கிறேன். யாருக்குத் தீங்கு செய்தேனோ அவர்களிடம் பேசிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." விவரம் வேண்டாம், பிள்ளைகளுக்கு உங்கள் பயணக் கணக்கு தேவையில்லை. அழாதிருக்கப் பாருங்கள். ஆசிரியர் அழுதால் அவரைத் தேற்றும் வேலை பிள்ளைகள் தலையில் விழும். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று பாடமாக்கவும் வேண்டாம். "என்ன பொய்?" என்று ஒருவன் கேட்கத்தான் செய்வான். "அது வேறு சிலரும் சம்பந்தப்பட்டது, அதனால் சொல்ல மாட்டேன்" என்றால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். மழுப்பினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதைக் கையாளும்போதே சபை வாழ்க்கையின் சின்னப் பொய்களையும் கொஞ்சம் பாருங்கள். பெரிய பொய்க்கு நாக்கைப் பழக்குவது அவைதான். நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்த அனனியாவிடம் பேதுரு கேட்டதை நாம் வேகமாக வாசித்துவிடுகிறோம்: விற்குமுன் நிலம் உன்னுடையது, விற்ற பின் பணமும் உன் வசத்தில்தானே இருந்தது (அப்போஸ்தலர் 5:4)? பாதி கொடுத்திருந்தாலும் குற்றமில்லை. பாதியைக் கொடுத்துவிட்டு முழுவதும் என்று காட்டியதில்தான் அவனும் அவன் மனைவியும் விழுந்தார்கள். நம்மிடையே இது வேறு உருவத்தில் இருக்கிறது. "உங்களுக்காக ஜெபிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவது. கேட்டவுடனே, அங்கேயே நின்று, இரண்டு வாக்கியம் ஜெபித்துவிட்டால் இந்தப் பொய்க்கு இடமே இல்லை. "கர்த்தர் எனக்கு இதை அனுமதிக்கலை" என்று ஒரு பொறுப்பைத் தட்டிக்கழிப்பது இன்னும் மோசம்; விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று சொல்வதே மரியாதை. அறுபது பேர் வந்த கூட்டத்தை நூறு பேர் என்று அறிக்கையில் எழுதுவது, சாட்சியில் காய்ச்சலைச் சாவுப்படுக்கை ஆக்குவது, எல்லாம் இந்த வகைதான். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்ல வேண்டும் என்ற மத்தேயு 5:37, நீதிமன்றச் சத்தியத்துக்கு மட்டும் சொன்னதில்லை.

இனி மேற்கொண்டு உங்கள் கணக்கை ஒருவர் பார்க்கட்டும். எருசலேமுக்குப் பணம் கொண்டுபோகும்போது, ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்குப் பவுல் தன்னோடு வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:20-21). அவரே அப்படி என்றால் நமக்கு வெட்கம் எதற்கு? உங்களுக்குக் கீழே வேலை செய்யாத, உங்களைப் புகழாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை கிளெய்ம் அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். அவர் மூன்று கேள்வி கேட்டால் போதும்: இந்தத் தொகை அத்தனையும் செலவானதா? இந்த மாதம் யாரிடமாவது இல்லாததைச் சொன்னீர்களா? நான் கேட்டுவிடக் கூடாது என்று நீங்கள் நினைப்பது எது? மூன்றாவதுதான் வேலை செய்யும் கேள்வி.

சில மாதம் கழித்து இரண்டு தொல்லைகள் வரலாம். ஒன்று, எதையெல்லாமோ தோண்டி எடுத்து எல்லாரிடமும் அறிக்கையிடத் தோன்றும். யாருக்கும் கடன்படாத, யாருக்கும் தெரியவேண்டாத பழைய நினைவுகளுக்கு, தேவனிடம் அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 போதும். இன்னொன்று, இன்னமும் பொய் பில் வைக்கும் நண்பர்களைப் பார்த்து எரிச்சல் வரும். ஆயக்காரனாகப் போய் நீதிமானாகத் திரும்பினவன், அடுத்த வாரம் 'மற்றவர்களைப் போல நான் இல்லை' என்ற பரிசேயனின் ஜெபத்தை (லூக்கா 18:9-14) ஜெபிக்கத் தொடங்குவது ரொம்ப சுலபம்.

கடைசியாக, வேலை. "உண்மையாய் நடந்தால் கர்த்தர் வேலையைக் காப்பாற்றுவார்" என்று நான் எழுத மாட்டேன், அப்படி ஒரு வாக்குத்தத்தம் வேதத்தில் இல்லை. தானியேல் 3:18-ல் அக்கினிச் சூளையில் போடப்படவிருந்த அந்த மூன்று பேரும், தேவன் 'விடுவிக்காமற்போனாலும்' என்பதையும் சேர்த்துத்தான் பேசினார்கள். நிறுவனம் பாராட்டலாம், எச்சரித்து விடலாம், வேலையை விட்டு நீக்கவும் செய்யலாம். கடிதம் கொடுக்கும் முன்பே, சில மாதங்களுக்கு வீட்டுச் செலவை எதை வைத்து ஓட்டுவது என்று மனைவியும் நீங்களும் உட்கார்ந்து எழுதிவையுங்கள். வேலை போனால் அடுத்த இடத்தில், "ஏன் அங்கிருந்து வந்துவிட்டீர்கள்?" என்று கேட்பார்கள். "பயணக் கணக்கில் தவறு செய்தேன், நானே போய்ச் சொன்னேன், பணத்தைத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான் பதில். அதற்காகச் சிலர் உங்களை எடுக்காமல் போகலாம். தவணை ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கேட்டவர்களிடம் காட்ட உதவும்.